அப்பத்தா வீடு குழு: ஆடிப் பதினெட்டும் ஒகினாவாவும்

2018 ஜூன் 10, ஞாயிறு

பெரியப்பா: குலசாமிக்கு ஆடிப் பதினெட்டு அன்று பொங்கல், ஆகஸ்ட் 3 வெள்ளி. பூசாரியிடம் சொல்லியாயிற்று. தலைக்கட்டுக்கு 2000. ஒருத்தர் பாக்கியில்லாமல் வர வேண்டும்.

மதுரை அத்தை: சரிண்ணா

அம்மா: மாமா, அந்த வாரம்தான் பாப்புவுக்குப் போட்டி. 1ஆம் தேதி முதல் 7 வரை. மாசியிலேயே சொல்லியிருந்தேன்.

பெரியப்பா: எங்கே?

மதுரை அத்தை: ஜப்பான்ணா. கராத்தே

பெரியப்பா: கராத்தே மதுரையிலேயே நடக்குதே

சித்தப்பா: அண்ணா, இது வேற. கராத்தே பிறந்த இடமே ஒகினாவாதான். முன்னால் அதைச் ‘சீனக் கை’ என்ற பொருளில்தான் எழுதினார்கள், 1936 அக்டோபர் 25 அன்று ஒகினாவாவின் தலைநகர் நாஹாவில் ஆசான்கள் கூடிப் பேசித்தான் ‘வெறுங்கை’ என்ற பெயரை உறுதி செய்தார்கள். அந்த ஒகினாவாவில் இப்போது ‘முதலாம் ஒகினாவா கராத்தே சர்வதேசப் போட்டி’ என்று வைக்கிறார்கள். போன வருஷம் திறந்த கராத்தே கைகான் மண்டபம் பக்கத்து ஊர் தொமிகுசுகுவில் இருக்கிறது. இதில் அடிதடி சண்டை கிடையாது, கட்டா மட்டும், அதாவது எதிராளி இல்லாமல் வரிசைப்படி செய்து காட்டும் அசைவுகள். 2020 ஒலிம்பிக்கில் வரப்போகிற கட்டாவில் எல்லா வழிக்காரர்களும் ஒன்றாக மோதுவார்கள். இங்கே ஒவ்வொரு பாணிக்கும் தனிப் பிரிவு: ஷுரி, தொமாரி வழி தனி, நாஹா வழி தனி, உஎச்சி வழி தனி, ஆயுதம் தனி. பாப்பு கற்றது மியாகி சோஜுன் ஆசானின் கோஜு ரியூ, அது நாஹா வழி.

மதுரை அத்தை: போதிதர்மர் காஞ்சிபுரத்துக்காரர்தானே, நம்மிடம் இருந்து போனதுதானே இது

சித்தப்பா: அது வழிவழியாகச் சொல்லும் கதை அக்கா, சான்று கிடையாது

பெரியப்பா: செலவு?

அம்மா: சென்னையிலிருந்து நாஹாவுக்கு நேர் விமானம் இல்லை, மாறித்தான் போகணும். விசாவுக்கு வங்கிக் கணக்கு காட்டணும். என் செயினை அடகு வைக்கிறேன், யாரிடமும் கேட்கவில்லை.

பெரியப்பா: நான் டிராக்டருக்குக் கேட்டபோது யாரிடமும் செயின் இல்லை

மதுரை அத்தை: அண்ணா

சித்தப்பா: அதை இப்போ எடுக்க வேண்டாம்ணா

அம்மா: மாமா, அஞ்சு வருஷமா விடியற்காலை அஞ்சு மணிக்கு மொட்டை மாடியில் நிற்கிறாள். சான்ச்சின் என்று ஒரு கட்டா. மூச்சை இழுத்து வயிற்றில் கட்டி, கால்விரலால் தரையைப் பிடித்து நிற்பாள், அவள் சார் தோளில் ஓங்கித் தட்டுவார், அசையக் கூடாது. அவள் நிற்கிற இடம் மட்டும் சிமெண்ட் வழவழவென்று ஆகிவிட்டது. வந்து பாருங்கள் ஒரு நாள்.

மதுரை அத்தை: அவ தனியாவா போறா?

பாப்பு: சாரும் இன்னும் நாலு பேரும் வர்றாங்க அத்தை. நான் ஆயுதப் பிரிவிலும் நிற்கிறேன். சாய்

பெரியப்பா: சாய்னா?

பாப்பு: (படம்)

மதுரை அத்தை: அட, சின்ன சூலம் மாதிரியே இருக்கே!!

சித்தப்பா: கைப்பையில் வைக்காதே பாப்பு, பெட்டியில் போட்டு ஏற்றணும்

பெரியப்பா: அப்பத்தாவிடம் படத்தைக் காட்டினேன். பேசியிருக்கிறாள், கேளுங்கள்.

பெரியப்பா: (குரல் பதிவு 0:41)

மதுரை அத்தை: பஸ்ஸில் இருக்கேன், கேட்கலை. என்ன சொல்லுது?

அம்மா: சூலம் பிடிக்கிற பிள்ளையை ஆத்தா தடுக்க மாட்டா, பொங்கலைத் தள்ளி வைங்கடா என்கிறார்கள் 🙏

பாப்பு: அப்பத்தா ❤️

மதுரை அத்தை: ஆடிக் கடைசி வெள்ளி ஆகஸ்ட் 10 வருது

சித்தப்பா: அங்கே ஆகஸ்ட் புயல் காலம் அக்கா. விமானம் ஒரு நாள் நின்றால் 10ஆம் தேதி வந்து சேர மாட்டாள். ஞாயிறு வைத்தால் நல்லது.

பெரியப்பா: கிடாவெட்டை எல்லாம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பூசாரியைக் கேட்கணும்.

மதுரை அத்தை: கிடா இந்த வருஷம் யார் முறை?

சித்தப்பா: போன தடவை நான்

அம்மா: எங்கள் முறைதான் மாமா. கொடுத்துவிடுகிறோம்.

பெரியப்பா: நீங்கள் டிக்கெட்டைப் பாருங்கள். கிடா நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெரியப்பா: பூசாரி போன் எடுக்கவில்லை