சிந்தனை நிலைகளைப் பசங்களுக்குப் படமா காட்ட பிரமிடு தவிர வேற ஏதாவது இருக்கா?

எட்டாப்பு_மிஸ்:
சயின்ஸ் எடுக்கறேன். ட்ரெயினிங்ல குடுத்த, ப்ளூம்ங்கற கல்வியாளர் பேர்ல வர்ற சிந்தனைப்படி பிரமிடு சார்ட்ட கிளாஸ்ல ஒட்டி வச்சேன், அடியில நினைவு, மேல புரிதல், அப்படியே ஏறி உச்சில படைத்தல். இப்ப என்ன ஆச்சுன்னா சுமாரா படிக்கற பசங்க "நான் கீழ்ப்படி மிஸ்"னு அவங்களே சொல்லிக்கறாங்க. நானும் சும்மா இல்ல, மொதல்ல எல்லாம் மனப்பாடம் ஆகட்டும் அப்புறம் யோசிக்க வைக்கலாம்னு பாதி வருஷத்த ஓட்டிட்டேன். சார்ட்ட கிழிச்சுப் போடலாமான்னு இருக்கு. வேற படம் யூஸ் பண்றவங்க சொல்லுங்களேன்.

சாக்பீஸ்_தூசி:
தாராளமா கிழிங்க மேடம். 1956-ல ப்ளூம் குழு போட்ட புத்தகத்துல பிரமிடே கிடையாது, அது பின்னாடி யாரோ வரைஞ்சு ஒட்டிக்கிட்டது. அப்போ உச்சில இருந்தது மதிப்பிடுதல். 2001-ல ஆண்டர்சனும் க்ராத்வோலும் திருத்தினப்ப படைத்தல் மேல போயிடுச்சு, ஆக உச்சி எதுங்கறதே மாறின விஷயம். அவங்க குடுத்ததும் ஒரு அட்டவணைதான், ஒரு பக்கம் ஆறு சிந்தனைச் செயல், இன்னொரு பக்கம் நாலு வகை அறிவு, மொத்தம் 24 கட்டம். கட்டத்துல யாரு மேல யாரு கீழ? ஆனா அது சுவத்துல ஒட்டுனா அழகா இருக்காது, அதான் பிரமிடு ஜெயிச்சிடுச்சு.

மொட்டைமாடி:
நான் மூணு மாடி வீடு வரைவேன். கீழ தகவல் சேக்கறது, நடுவுல ஒப்பிட்டுப் பிரிக்கறது, மேல "இப்படி இருந்தா என்ன ஆகும்"னு யோசிக்கறது. மாடிப்படில ஏறவும் செய்யலாம் இறங்கவும் செய்யலாம்ல, மேல போய் முழிச்சிட்டு தகவல் எடுக்க கீழ ஓடி வர்றது தப்பே இல்லன்னு பசங்களுக்கு உடனே புரியுது.

கோடு_போடுறவன்:
வீடு பரவால்ல, ஆனா இதுங்க எல்லாமே கேள்விய அளக்குது, பதில அளக்கல. "ஒளிச்சேர்க்கையை விளக்குக"ன்னு கேட்டா பாக்க புரிதல் கேள்விதான், பையன் புக்குல இருக்கறத வரி மாறாம எழுதினா அது வெறும் நினைவுதானே.

நான் யூஸ் பண்றது சோலோ (SOLO), பதில் எவ்ளோ ஆழமா இருக்குன்னு தரம் பிரிக்கற முறை, பிக்ஸும் காலிஸும் 1982-ல கொண்டுவந்தது. அதுக்குப் போடற படம் ஒரு பெட்டிக்குள்ள வெறும் கோடுதான். போர்டுல "ஈரத்துணி எப்படிக் காயுது"ன்னு கேட்டேன். ஒருத்தன் "வெயில்ல"ன்னான், ஒரு கோடு. அடுத்தவ "வெயில், காத்து, விரிச்சுப் போடறது"ன்னா, தனித்தனியா மூணு கோடு. இன்னொருத்தி, விரிச்சா தண்ணி ஆவியாக எடம் அதிகம், சூடு ஆவியாக்குது, துணியொட்டி நிக்கற ஈரக்காத்த அடிக்கற காத்து தள்ளிட்டுப் போயிடுதுன்னு சொன்னதும் மூணு கோட்டையும் இணைச்சு வரைஞ்சேன். கடைசி பெஞ்சுலேர்ந்து ஒருத்தன் "அப்போ வேர்த்திருக்கப்ப ஃபேன் போட்டா ஜில்லுங்கறதும் இதே கதையா சார்"னான் பாருங்க, கோட்ட பெட்டிக்கு வெளிய இழுத்து விட்டேன். மனப்பாடத்துல அவன் ரொம்ப வீக், பிரமிடுல பாத்தா அடிப்படியே தாண்டாதவன்! ஒண்ணுமே பிடிபடாத பதிலுக்கு வெறும் புள்ளி, ஆனா அத போர்டுல பேர் போட்டுக் காட்டாதீங்க, திரும்பவும் "நான் புள்ளி சார்"னு ஆரம்பிச்சிடுவாங்க. கோடு பதிலுக்குத்தான், ஆளுக்கு இல்ல.

எட்டாப்பு_மிஸ்:
இன்னைக்கு ட்ரை பண்ணினேன், "ஆணி ஏன் துருப்பிடிக்குது"ன்னு கேட்டு. தண்ணி, காத்து, இரும்புன்னு மூணு கோடு டக்குனு வந்துடுச்சு. இணைக்கச் சொன்னா ஒரு பொண்ணு எந்திரிச்சு "தண்ணி இருக்கு அதனால காத்து இருக்கு அதனால துரு"ன்னு சொல்லிட்டு, "அதனால போட்டுட்டேன் மிஸ், கோடு சேத்துடுங்க"ன்னா 😂 சிரிப்ப அடக்கவே முடியல. கடைசில சேக்காம புள்ளி புள்ளியா வரைஞ்சு விட்டிருக்கேன். நாளைக்கு ஒரு ஆணிய தண்ணில பாதியும் இன்னொண்ண எண்ணெய்ல முழுசாவும் போட்டு வைக்கப் போறேன், அந்தக் கோட்ட அவளே வந்து அழுத்தி வரையட்டும்.