உதைபந்தாட்டத்தில் ஓவ்சைட் உங்களுக்கு எப்போது விளங்கியது?

மாங்குளத்திலிருந்து:

அரிவு வெட்டிய வயலில் பந்தடித்து வளர்ந்தவன் நான். நாலு கதியால் நட்டால் இரண்டு கோல். கோடும் இல்லை, கொடியும் இல்லை. ஓவ்சைட் என்றால் எங்களுக்கு ஒரே விளக்கம்தான்: "கீப்பருக்குப் பக்கத்தில போய்க் குந்தியிராத."

பதினெட்டு வயதில் ஊர்ச் சுற்றுப்போட்டி ஒன்றைப் பார்க்கப் போனேன். கோட்டோரம் நின்று கொடி காட்டும் லைன்ஸ்மன் ஒருவர் வரவில்லை. நடுவர் என்னைக் கண்டுவிட்டு, "தம்பி, விளையாட்டுத் தெரியும்தானே, இதைப் பிடி" என்று கொடியைத் தந்துவிட்டார். கொடி என்றால் பூவரசங்கம்பில் கட்டிய சிவப்புச் சீலைத்துண்டு.

இருபதாவது நிமிடம் இருக்கும். நடுவிலிருந்து ஒருவன் பந்தை உயர்த்தி அடித்தான். விங்கில் நின்ற மெலிந்த பெடியன் பறந்துபோய் அதை எடுக்கும்போது பின்கள வீரர்களைவிட ஐந்து யார் முன்னால். எதிரே கீப்பர் மட்டும். நான் கொடியைத் தூக்கினேன். விசில் ஊதியது. பந்து கோலுக்குள் போனது. அதற்குப் பிறகு காதில் விழுந்தவற்றை இங்கே எழுத முடியாது. சைக்கிளில் சாய்ந்து நின்ற ஐயா ஒருவர் மட்டும் மரியாதையாக, "தம்பி, அவன் கெதியா ஓடினதுதான் பிழையோ?" என்று கேட்டார்.

இடைவேளையில் நடுவர் என்னைக் கோட்டுக்குக் கூட்டிப் போனார். "அவன் பந்தை எடுத்த இடத்தைப் பாத்தனி. பந்து அடிபட்ட நேரம் அவன் எங்க நிண்டவன்?" நான் முழித்தேன். "பந்துக்குப் பின்னால கண்ணை விடாத. கடைசிக்கு முதல் ஆளுக்கு நேரா நில்லு, அவன் நகர நீயும் நகர். அடிபடுற சத்தத்தைக் காதால கேள். சத்தம் கேக்கேக்க ஆர் எங்க நிக்கிறான் எண்டதுதான் கணக்கு." (விசில் ஊதியவர் அவர்தான் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.)

அந்தக் காது விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டது. சக வீரன் பந்தை அடிக்கும் கணத்தில் நீங்கள் எதிரணியின் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முதல் ஆளையும் (கீப்பரையும் சேர்த்து, கோல் கோட்டிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஆள்) தாண்டி கோல் கோட்டுக்குக் கிட்ட நின்றால் அது ஓவ்சைட் இடம். சரிசமமாக நின்றால் இல்லை. கையும் புயமும் கணக்கில் வராது. தலை, உடம்பு, கால்தான். அந்த இடத்தில் நிற்பது மட்டும் குற்றமும் இல்லை. பந்தைத் தொட வேண்டும், அல்லது கீப்பரின் கண்ணை மறைப்பது போல எதையாவது செய்ய வேண்டும்.

இரண்டாவது பாதி முழுக்க நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தேன். ஒரு தரம்கூடப் பிழைக்கவில்லை, ஆனால் அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? அந்த விங் பெடியன் இப்போது ஓட்டோ ஓட்டுகிறான். சந்தியில் கண்டால் ஏற்றிக்கொள்வான், காசும் எடுக்க மாட்டான். இறங்கும்போது மட்டும் கையைக் கொடி மாதிரித் தூக்கிக் காட்டுவான்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

அண்ணா, எங்களுக்கு நடந்தது வேறு. பள்ளிக்கூடப் பெண்கள் அணி. த்ரோவில், அதாவது பக்கக் கோட்டிலிருந்து கையால் எறிந்து, வந்த பந்தை நான் கோலாக்க, நடுவர் ஓவ்சைட் என்றுவிட்டார். நான் பின்கள வீராங்கனைகளுக்குப் பின்னால் நின்றது உண்மைதான். ஆனால் த்ரோ, கோர்னர், கோல் கிக் மூன்றிலிருந்தும் நேரே வரும் பந்துக்கு ஓவ்சைட்டே கிடையாது. எங்கள் ரீச்சருக்கு அது தெரியும், போய்ச் சொன்னார். கோல் திரும்பி வரவில்லை. அழுதேன்.

அடுத்த வருடம் அதையே ஆயுதமாக்கினோம். எங்களிடம் ஒருத்தி இருந்தாள், கிணற்றில் தண்ணி அள்ளியே கை உரமேறியவள். அவள் எறிந்தால் பந்து கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குள் வந்து விழும். நான் கீப்பருக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொள்வேன். எதிரணிப் பிள்ளைகள் கையைத் தூக்கி "ஓவ்சைட், ஓவ்சைட்" என்று கத்திக்கொண்டிருக்க, நாங்கள் கோல் போடுவோம்.

பரந்தனிலிருந்து:

2022 கட்டார் உலகக் கிண்ணம், முதல் ஆட்டம். முற்றத்தில் ரீவியை வைத்து அயல் முழுக்கக் கூடியிருந்தோம். மூன்றாவது நிமிடமே எக்குவடோரின் வலன்சியா தலையால் கோல் போட்டார், சத்தத்தில் நாய்கள் குரைத்தன. பிறகு பார்த்தால் ஓவ்சைட். "அவனுக்கும் கோலுக்கும் நடுவில ஒரு ஆள் நிக்கிறானே!" என்று மாமா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

நின்றது ஒரு ஆள்தான், இரண்டு பேர் வேண்டும். வழக்கமாகக் கீப்பர் கடைசி ஆளாக இருப்பதால் நாங்கள் ஒரு பின்கள வீரரை மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். அன்று கட்டார் கீப்பர் பந்தைப் பிடிக்க முன்னுக்கு வந்துவிட்டார். பிடிபட்டது வலன்சியா இல்லை, கோலுக்குச் சற்று முன் பந்துக்குப் போன அவரது சக வீரர் எஸ்ட்ராடா. அவரின் கால் கடைசிக்கு முதல் ஆளைத் தாண்டி நின்றது.

அந்த உலகக் கிண்ணத்தில் 12 கமெராக்கள் ஒவ்வொரு வீரரின் உடம்பிலும் 29 புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. பந்துக்குள் இருந்த கருவி செக்கனுக்கு 500 தரம் தகவல் அனுப்பியது, பந்து அடிபட்ட கணத்தைப் பிடிக்க. மாங்குளம் அண்ணைக்கு நடுவர் காதால் கேட்கச் சொன்ன அதே சத்தம்தான்!

இதையெல்லாம் மாமாவுக்கு விளங்கப்படுத்தினேன். 1925 வரைக்கும் மூன்று பேர் நிற்கவேண்டும் என்றுதான் சட்டம் இருந்தது என்றும் சொன்னேன். "அப்ப அவங்களே மாத்தி மாத்தித்தான் விளையாடுறாங்கள்" என்றார். வலன்சியா பிறகு இரண்டு கோல் போட்டு எக்குவடோர் வென்றது. மாமாவின் கணக்கில் அந்த ஆட்டம் இன்னும் 3-0 தான்.