399 வெற்றி: கோச்சின் திறமையா, பள்ளியின் வசதியா?

கூடல்வாசி:
கலிஃபோர்னியாவின் கான்கார்ட் நகரில் டி லா சால் என்ற கத்தோலிக்க ஆண்கள் பள்ளி இருக்கிறது. 1979இல் பாப் லாடசர் அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் கோச் ஆனபோது, தோல்வியைவிட வெற்றி அதிகம் என்று ஒரு சீசன்கூட அந்தப் பள்ளிக்கு இருந்ததில்லை. 2012 சீசனோடு அவர் விலகும்போது 399 வெற்றி, 25 தோல்வி, 3 டிரா. இடையில் 1992 முதல் 2003 வரை தொடர்ச்சியாக 151 வெற்றி. பள்ளி ஃபுட்பாலில் இவருக்கு மேல் ஒருவர் இல்லை என்கிறேன்.

தேரிக்காடு:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தென் கரோலினாவில் சம்மர்வில் பள்ளியின் ஜான் மெக்கிஸிக் 1952 முதல் 2014 வரை ஒரே பள்ளியில் 63 சீசன், 621 வெற்றி. அது அரசுப் பள்ளி. அந்த வட்டாரத்துப் பையன்களை வைத்துத்தான் ஆட வேண்டும். டி லா சால் தனியார் பள்ளி, பல ஊர்களிலிருந்து பையன்கள் வந்து சேரலாம். அங்கே படிக்கும் ஏறக்குறைய ஆயிரம் பேருமே பையன்கள். இருபாலர் பள்ளியில் அத்தனை பையன்கள் வேண்டுமென்றால் இரண்டாயிரம் பேர் படிக்க வேண்டும். இது சமமான போட்டியா?

கூடல்வாசி:
1979க்கு முன்னாலும் அது தனியார் பள்ளிதானே? வசதிதான் காரணமென்றால் அப்போது ஏன் ஜெயிக்கவில்லை?

லாடசர் உருவாக்கிய வழக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பையனும் அந்த வாரத்துக்கான தன் இலக்கை ஒரு சின்ன அட்டையில் எழுதி, அணி முன்னால் எழுந்து நின்று படித்து, இன்னொரு ஆட்டக்காரன் கையில் கொடுப்பான். அப்புறம் கணக்குக் கேட்பவன் அந்தக் கூட்டாளிதான். கோச்சிடம் சாக்குச் சொல்லலாம், தோளோடு தோள் நிற்பவனிடம் சொல்ல முடியுமா? ஆட்டமுறையும் அப்படித்தான். பந்து அசைந்த நொடியில் முன்வரிசை மொத்தமும் ஒரே ஆள் போலப் பாயும். அந்த வரிசையில் எதிரணியைவிடச் சிறிய உடம்புக்காரர்கள் பலர். பொறுக்கியெடுத்த அணி இப்படியா இருக்கும்?

தேரிக்காடு:
அட்டை நல்ல வழக்கம், மறுக்கவில்லை. ஆனால் ஜெயிக்க ஆரம்பித்த பிறகு பெயர் பரவும், நல்ல ஆட்டக்காரர்கள் தாமே தேடி வருவார்கள். அரசுப் பள்ளிக்கு அது அவ்வளவு எளிதல்ல. மெக்கிஸிக் ஆட வந்த எந்தப் பையனையும் கழித்து அனுப்பியதில்லை. பள்ளிக்கூட விளையாட்டு என்றால் எனக்கு அதுதான்.

மணிமுத்தாறு:
இரண்டு பேரும் 2004ஐ விட்டுவிட்டீர்கள். ஆகஸ்டில், டி லா சால் அணியில் ஆடி முடித்திருந்த டெரன்ஸ் கெல்லி, ஓரிகன் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பும் தறுவாயில் ரிச்மண்டில் சுட்டுக் கொல்லப்பட்டான். அடுத்த மாதமே பெல்வியூ பள்ளியிடம் 39-20 என்று தோற்று, 151 அங்கே நின்றது. அந்தத் துக்கத்தோடு பதினாறு, பதினேழு வயதுப் பையன்களை மறுபடி மைதானத்துக்குக் கூட்டி வந்தவரை வெற்றிக் கணக்கை வைத்து மட்டும் அளக்காதீர்கள்.

கூடல்வாசி:
சரியாகச் சொன்னீர்கள். 400க்கு ஒன்றே குறைவு, அதற்காக இன்னொரு சீசன் அவர் நிற்கவும் இல்லை. பொறுப்பைத் தன் பழைய மாணவர் ஜஸ்டின் அலம்பாவிடம் கொடுத்தார். 2014இல் அணி ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் மாநிலப் பட்டம் வென்றது.

தேரிக்காடு:
கோச் மாறியும் ஜெயித்தார்கள் என்றால் பள்ளியின் பலம்தான் என்று நீங்களே சொல்கிறீர்களே!

கூடல்வாசி:
அலம்பா அவரிடமே ஆடி, அவருக்கே உதவி கோச்சாக இருந்தவர். பொறுப்பை விட்ட பிறகு லாடசரும் உதவி கோச்சாக அணியோடுதான் இருந்தார். பள்ளியின் பலம் என்று நீங்கள் சொல்வதே அவர் கட்டியதுதான்.