'இரண்டு மனம் வேண்டும்' பாட்டில் கடவுளை ஏன் தண்டிக்கக் கேட்கிறான்?

செந்தூல்காரி:
வணக்கம். அடுத்த மாதம் எங்கள் கோயில் நிதி விருந்தில் அப்பா 'வசந்த மாளிகை' பாட்டு பாடப் போகிறார், டி.எம்.எஸ். என்றால் அவருக்கு உயிர். அம்மா வேண்டாம் என்கிறார், கடவுளையே தண்டிக்க வழி கேட்கிற பாட்டைக் கோயிலுக்குக் காசு திரட்டும் மேடையில் பாடுவதா என்று. நினைக்க ஒரு மனம், மறக்க ஒரு மனம், அதுவரை புரிகிறது. அப்புறம் கண், காட்சி, காதல், கடவுள் என்று தண்டனை ஏன் நீள்கிறது? கண்ணதாசன் என்ன சொல்ல வருகிறார்?

பிரிக்பீல்ட்ஸ் ரசிகன்:
கதையோடு சேர்த்துப் பாருங்கள். 1972 படம். நாயகி லதா மேல் திருட்டுப் பழி விழுகிறது, அவளைக் காதலிக்கும் நாயகன் ஆனந்தும் அவளைச் சந்தேகப்பட்டுவிடுகிறான், உண்மை தெரிந்து மன்னிப்புக் கேட்டும் அவள் திரும்பவில்லை. அதனால் 'ஏமாற்றிவிட்டாள்' என்று அவன் பாடவே முடியாது. பார்த்த கண்ணுக்குத் தண்டனை, அதிலிருந்து காதலுக்கு, அப்படியே மேலே போய்க் கடவுளிடம் நிற்கிறது. இது நாத்திகம் இல்லை. இரண்டு மனம் வேண்டும் என்று முதல் வரியிலேயே இறைவனிடம்தானே கேட்கிறான்! நம்புகிறவன்தான் சண்டை போடுவான்.

பினாங்கு தமிழாசிரியை:
கண்ணைக் குறை சொல்வது நம்மிடம் பழைய வழக்கம், தங்கச்சி. குறளில் 'கண்விதுப்பழிதல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. 1171இல் தலைவி கேட்கிறாள், அவரை எனக்குக் காட்டி இந்த நோயைத் தந்ததே கண்கள்தான், இப்போது அவையே ஏன் அழுகின்றன என்று. கடவுளைக் கோபிப்பதும் புதிதல்ல. பிச்சை எடுத்துத்தான் ஒருவன் வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்று 1062இல் வள்ளுவரே சபிக்கிறார்.

ஈப்போ ரோடு குமார்:
எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. தண்டனை பெறுகிறவர்கள் வரிசையில் தன் பெயரை மட்டும் விட்டுவிடுகிறான் பாருங்கள். நம்ப வேண்டிய நேரத்தில் அவளை நம்பாதது யார்? அந்தக் குற்றத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாமல்தான் கடவுள் வரைக்கும் போகிறான், என்னை அழவைப்பது அந்த இடம்தான். உங்கள் அப்பா அதைக் கோபமாகப் பாடாமல், கெஞ்சுகிற மாதிரி பாடினால் அம்மாவுக்கும் பிடிக்கும்.

செந்தூல்காரி:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார், ஆனால் சாமி கும்பிட்ட கையோடு பாடக்கூடாதாம், சாப்பாட்டு நேரத்தில் பாடலாமாம். சுருதி கொஞ்சம் இறக்கிய கராவோக்கே டிராக் யாரிடமாவது இருக்கிறதா?