சிறு பட்டறைக்கு ஓப்பன் சோர்ஸ் இ.ஆர்.பி.: போட்டுப் பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கணபதி ஷாஃப்ட் யூனிட்:

எங்கள் யூனிட் கோவை கணபதியில். பம்புசெட்டுக்கு ஷாஃப்ட், ஸ்லீவ், புஷ் செய்து கொடுக்கிறோம். கணக்கு டேலியில், ஸ்டாக் எக்செல்லில், வெளியே போன சரக்கு டிசி (டெலிவரி சலான்) புத்தகத்தில் என்று மூன்று இடத்தில் கிடந்ததை ஒன்றாகக் கொண்டுவர இ.ஆர்.பி., அதாவது வாங்குவது, ஸ்டாக், உற்பத்தி, பில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருளை, ஓப்பன் சோர்ஸில் (கோடு எல்லோருக்கும் திறந்திருக்கும் வகையில்) தேடினோம். இப்போது அந்த வகையில் ஒன்றான இஆர்பிநெக்ஸ்டில் ஓடுகிறது. இந்த மென்பொருள்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அதை நிறுவித் தருபவர்கள். லேத் ஓட்டுகிறவர்கள் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் நானே ஆரம்பிக்கிறேன், நீங்களும் உங்கள் பட்டறையில் நடந்ததை எழுதுங்கள்.

டெமோவில் எல்லாமே அழகாக இருக்கும். ஒரு மேசை செய்து காட்டுவார்கள்: ஒரு பலகை, நாலு கால், கொஞ்சம் ஸ்க்ரூ. உற்பத்தி ஆர்டர் போட்டால் பலகை ஒன்று குறையும், மேசை ஒன்று கூடும். நம் வேலை அப்படி இல்லை. ராடு கிலோவில் வருகிறது, பிட்டாக வெட்டியதும் எண்ணிக்கை ஆகிவிடுகிறது, சீவல் திரும்பக் கிலோவில் வெளியே போகிறது. எந்த மென்பொருள் நமக்கு ஆகும் என்பதை இந்த இடம்தான் முடிவு செய்யும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

40 மி.மீ. ஈஎன்8 (ஒரு எஃகு ரகம்) ராடு. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எடை, எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. 9.88 கிலோ வரும். ஷாஃப்ட் பிட் 300 மி.மீ., வெட்டுக்கு 3 மி.மீ. சேர்த்தால் ஒரு பிட் 2.99 கிலோ. பி.ஓ.எம்.மில் (ஒரு பொருளுக்கு எந்த மூலப்பொருள் எவ்வளவு என்ற பட்டியல்) இதைத்தான் போடத் தோன்றும். ஆனால் 6 மீட்டர் ராடில் 19 பிட்தான் விழும். கடைசியில் 243 மி.மீ. துண்டு மிஞ்சும், அது 2.4 கிலோ. ராடின் முழு எடையை 19-ஆல் வகுத்தால் பிட்டுக்கு 3.12 கிலோ ஆகிறது. டன்னுக்கு 40 கிலோ இப்படிக் கணக்கில் வராமல் நிற்கும். கம்ப்யூட்டரில் ராடு இருக்கும், ரேக்கில் இருக்காது. வருடக் கடைசியில் ஸ்டோர்ஸ்காரர் மேல் வீண் சந்தேகம் வரும்.

இஆர்பிநெக்ஸ்டில் இதை இப்படி வைத்திருக்கிறோம். ராடு ஒரு ஐட்டம், கிலோவில். வெட்டிய பிட் இன்னொரு ஐட்டம், எண்ணிக்கையில். கட்டிங்குக்கு மட்டும் தனி பி.ஓ.எம்., தனி ஒர்க் ஆர்டர். துண்டும் சீவலும் அந்த பி.ஓ.எம்.மிலேயே ஸ்கிராப் ஐட்டமாகக் கிலோவில் உள்ளே வரும். 243 மி.மீ. துண்டை ஸ்லீவுக்கு எடுத்தால் அதற்கும் கணக்கு உண்டு. மேனுஃபாக்சரிங் செட்டிங்கில் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: மூலப்பொருளை பி.ஓ.எம். அளவுப்படி கழிப்பதா, ஷாப் ஃப்ளோருக்கு உண்மையில் கொடுத்த அளவுப்படி கழிப்பதா என்று கேட்கும். ராடு வெட்டுபவர்களுக்கு இரண்டாவதுதான் சரி. இன்னொன்று, ஐட்டத்துக்கு ஸ்டாக் அளவு கிலோவா எண்ணிக்கையா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். என்ட்ரி விழுந்த பிறகு மாற்ற விடாது, புது ஐட்டம்தான் திறக்க வேண்டும்.

அப்புறம் ஜாப் ஒர்க், அதாவது நம் பொருளை வெளியே கொடுத்துக் கூலிக்கு வேலை செய்து வாங்குவது. ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு ஒரு இடம், கிரைண்டிங்குக்கு ஒரு இடம் என்று நம் பொருள் பாதி நாள் வெளியேதான் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-வது பிரிவுப்படி வெளியே போன பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாகக் கணக்கு. டிசி புத்தகத்தைப் புரட்டி இதைப் பார்க்கவே முடியாது. இங்கே ஒவ்வொரு ஜாப் ஒர்க்காரருக்கும் ஒரு கிடங்கு திறந்து, அனுப்பும்போது அங்கே மாற்றிவிடுகிறோம். யாரிடம் எத்தனை பிட் நிற்கிறது, எந்தத் தேதியில் போனது என்பது ஒரே ரிப்போர்ட்டில் வருகிறது. எனக்கு இது ஒன்றே போதும் என்று தோன்றியது.

இஆர்பிநெக்ஸ்டை உருவாக்கிய ஃப்ராப்பே நிறுவனத்தை மும்பையில் 2008-ல் தொடங்கிய ருஷப் மேத்தா, தன் குடும்பத்தின் ஃபர்னிச்சர் தொழிலுக்கு இ.ஆர்.பி. போடப் போய்த்தான் இந்த வேலைக்கே வந்தார். அந்த வாசனை மென்பொருளில் இருக்கிறது.

ஓசூர் ஷீட் மெட்டல்:

அண்ணா, ராடு கணக்கு அருமை. எங்களுக்கு ஷீட். நெஸ்டிங்கில் (ஒரு ஷீட்டில் பாகங்களை அடுக்கி வெட்டுவது) மிஞ்சுவது இதே தலைவலி.

நாங்கள் ஓடூ என்ற இன்னொரு இ.ஆர்.பி.யின் கம்யூனிட்டி பதிப்பில் இருக்கிறோம். ஓடூவைப் பார்க்கிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அது இரண்டு பொருள். கம்யூனிட்டி பதிப்பு எல்.ஜி.பி.எல். உரிமத்தில் வருகிறது, இலவசம். என்டர்பிரைஸ் பதிப்புக்கு ஆளுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும், அதன் கூடுதல் பகுதிகள் ஓப்பன் சோர்ஸும் கிடையாது. பர்ச்சேஸ், ஸ்டாக், பி.ஓ.எம்., உற்பத்தி ஆர்டர், ஒர்க் சென்டர் எல்லாம் கம்யூனிட்டியிலேயே இருக்கின்றன. முழு அக்கவுன்டிங், குவாலிட்டி, பி.எல்.எம். (டிராயிங், வடிவ மாற்றங்களைப் பின்தொடர்வது), ஸ்டூடியோ (திரைகளை நாமே மாற்றிக்கொள்வது) ஆகியவை என்டர்பிரைஸில். டெமோவில் காட்டுவது எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். பெரும்பாலும் என்டர்பிரைஸாக இருக்கும்.

நாங்கள் கணக்கை டேலியிலேயே விட்டுவிட்டோம். எங்கள் அக்கவுன்டன்ட் அம்மா டேலியில் கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வார். அவரைத் தொந்தரவு செய்து ஒரு லாபமும் இல்லை. இன்வாய்ஸ் மட்டும் ஓடூவிலிருந்து எக்செல்லாக எடுத்து டேலியில் ஏற்றுகிறோம். கிலோவையும் எண்ணிக்கையையும் பொறுத்தவரை, நாங்கள் வைத்திருக்கும் பதிப்பில் அவை வெவ்வேறு வகை அளவுகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நேராக மாறாது. நீங்கள் செய்த மாதிரி இரண்டு ஐட்டமாகப் பிரித்தால் அந்தப் பிரச்சினையே வருவதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. மென்பொருள் நன்றாக இருந்தும் நாங்கள் பட்ட பாடு அதை நிறுவித் தந்த கம்பெனியால். சர்வரின் பாஸ்வேர்டு அவர்களிடம், எங்களுக்காக எழுதிய கோடும் அவர்களிடம். டிசி அச்சில் வாகன எண்ணுக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னதற்கு வாரக்கணக்கில் காக்க வைத்தார்கள். வேறு ஆளிடம் போகிறோம் என்றதும் டேட்டாவைக் கொடுக்கவே இழுத்தார்கள். ஓப்பன் சோர்ஸ் எடுப்பதே ஒருவர் கையில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அதை எடுத்தும் மாட்டிக்கொண்டால் என்ன பயன்? சர்வர் உங்கள் பெயரில், உங்கள் கார்டில் இருக்கட்டும். எழுதும் கோடு உங்கள் கிட் (கோடு சேமித்து வைக்கும் இடம்) கணக்கில் விழட்டும். இதை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு வந்தவர் இரண்டுக்கும் உடனே சரி என்றார், இப்போது நிம்மதியாக இருக்கிறது.

பதிப்பு மாற்றத்தையும் முன்கூட்டியே கேளுங்கள். ஓடூ வருடத்துக்கு ஒரு புதுப் பதிப்பு விடுகிறது. கம்யூனிட்டி ஆட்களுக்கு ஓ.சி.ஏ. (ஓடூ கம்யூனிட்டி அசோசியேஷன்) அமைப்பின் ஓப்பன் அப்கிரேட் என்ற கருவி இருக்கிறது. அதை ஓட்டத் தெரிந்தவரா என்று பார்த்து ஆளைப் பிடியுங்கள்.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிளேட்டிங்குக்கு பெங்களூர் அனுப்பினால் அது வெளிமாநிலம், ஜாப் ஒர்க் சரக்குக்கு மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் (ஆன்லைனில் எடுக்கும் சரக்குப் போக்குவரத்துச் சீட்டு) வேண்டும். 50,000 ரூபாய்க்குக் கீழேதானே என்று டிரைவரை வெறும் டிசியோடு அனுப்பிவிடாதீர்கள்.

கரூர் கணக்காளர்:

நான் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு பார்ப்பவள். கணக்குப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியிருந்தால் 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் கட்டாயம். மென்பொருளிலிருந்தே ஐ.ஆர்.என். (இன்வாய்ஸை அரசுப் போர்ட்டலில் பதிந்ததும் கிடைக்கும் எண்) வர வேண்டும். போர்ட்டலில் ஒரு தடவை, மென்பொருளில் ஒரு தடவை அடிக்கிற வேலை ஆகாது, எண் மாறிவிடும். இஆர்பிநெக்ஸ்டில் ஜி.எஸ்.டி. சம்பந்தப்பட்டவை பதிப்பு 14 முதல் இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற தனிச் செயலிக்குப் போய்விட்டன. அதுவும் ஓப்பன் சோர்ஸ்தான். நிறுவித் தருபவர் அதைப் போட்டாரா என்று பாருங்கள். அது இல்லாமல் முதல் மாத ரிட்டர்னுக்கு உட்கார்ந்து அழுத கிளையன்ட்டைப் பார்த்திருக்கிறேன்.

பிரைவேட் லிமிடெட் என்றால் இன்னொன்றும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் வைத்திருக்கும் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு இருக்க வேண்டும், அதை அணைக்கவும் முடியக் கூடாது. புரோப்ரைட்டர்ஷிப்புக்கும் கூட்டு நிறுவனத்துக்கும் இந்த விதி கிடையாது. ஓப்பன் சோர்ஸில் கோடே நம் கையில் இருப்பதால் ஆடிட்டர் கட்டாயம் கேள்வி கேட்பார். மென்பொருளை முடிவு செய்யும் முன்பே அவரை உட்கார வைத்துக் காட்டிவிடுங்கள்.

டேலியிலிருந்து மாறுகிறவர்களுக்கு: ஏப்ரல் 1-ஐ விட்டால் அடுத்த ஏப்ரல் 1 வரை காத்திருங்கள். நடுவருடத்தில் மாறினால் பாதி வருடம் இங்கே, பாதி வருடம் அங்கே என்று ஆகிவிடும். மார்ச் 31 இரவு எண்ணிய ஸ்டாக்கை ஓப்பனிங்காக ஏற்றுங்கள். எக்செல்லில் இருக்கும் ஸ்டாக்கை அப்படியே ஏற்றினால் பழைய ஓட்டையெல்லாம் புது வீட்டுக்கும் வந்துவிடும். சப்ளையரைத் திறக்கும்போதே உத்யம் பதிவு (குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) உண்டா, மைக்ரோவா ஸ்மாலா என்று ஒரு கட்டம் வையுங்கள். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்த பிறகு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அவர்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள். தாண்டினால் கொடுக்கும் வருடம்தான் செலவு கழியும்.

சிவகாசி அட்டைப்பெட்டி:

நாங்கள் மிகச் சின்ன யூனிட். அச்சடித்த அட்டைப்பெட்டி மட்டும். இவ்வளவு பெரிய ஏற்பாடு எங்களுக்குத் தேவைப்படவில்லை. டாலிபார் என்ற சிறிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளைப் போட்டிருக்கிறோம். பி.எச்.பி.யில் எழுதியது, வெப்சைட்டுக்கு வாங்கும் சாதாரண ஹோஸ்டிங்கிலேயே ஓடுகிறது. கொட்டேஷன், ஆர்டர், ஸ்டாக், ஒரு எளிய பி.ஓ.எம்., உற்பத்தி ஆர்டர் உண்டு. வேண்டாத பகுதியை அணைத்து வைக்கலாம், திரை காலியாக இருக்கும். பிரான்சிலிருந்து வந்ததால் நம் ஜி.எஸ்.டி. வேலைக்கு அதை நம்புவதில்லை, பில் டேலியில்தான். ஆறேழு பேர் வேலை செய்யும் இடத்துக்கு இது போதும் என்பேன்.

அம்பத்தூர் இரண்டாம் தலைமுறை:

அப்பா நடத்தும் டூல் ரூமில் கம்ப்யூட்டர் பக்கம் நான் பார்க்கிறேன். இஆர்பிநெக்ஸ்ட். சொந்த சர்வர் வைப்பதா, மாதக் கட்டணத்தில் வெளியே வைப்பதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வீட்டில் லினக்ஸ் தெரிந்த ஆள் இல்லை என்றால் வெளியே வையுங்கள். நான் உள்ளேயே வைத்திருக்கிறேன். யு.பி.எஸ். இருக்கிறது, தினமும் இரவு பேக்கப் எடுத்து வெளியூர் இடத்துக்கும் ஒரு நகல் போகிறது. பேக்கப் எடுக்கும்போது டேட்டாபேஸோடு ஃபைல்களையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டி வைத்த டிராயிங் எதுவும் வராது. மாதம் ஒருமுறை அந்த நகலைப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் திறந்து, கடைசி இன்வாய்ஸ் தெரிகிறதா என்று பார்ப்பேன்.

ஷாப் ஃப்ளோரில் எங்களுக்கு வந்த சிக்கல் வேறு. சூப்பர்வைசர் வாரம் முழுதும் நோட்டில் எழுதி, சனிக்கிழமை மொத்தமாக ஏற்றினார். பின்தேதியில் ஸ்டாக் என்ட்ரி விழுந்தால் அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் விலை மதிப்பை மென்பொருள் திரும்பக் கணக்கிடும். வெள்ளிக்கிழமை பார்த்த விலை திங்கட்கிழமை இருக்காது, அப்பாவுக்கு நம்பிக்கையே போய்விட்டது. இப்போது ஷிஃப்ட் முடியும்போது அவரவர் ஜாப் கார்டை (ஒவ்வொரு வேலைக்கும் உரிய பதிவு) மெஷின் பக்கத்தில் உள்ள டேப்லெட்டில் முடித்துவிட்டுத்தான் போகிறார்கள். திரையில் நாலு கட்டம்தான் விட்டிருக்கிறேன்: ஜாப் கார்டு எண், நல்லது, ரிஜெக்ட், நேரம். மற்றதையெல்லாம் மறைத்துவிட்டேன். ஐம்பது வயதுக்கு மேல் உள்ள, மில்லிங் மெஷின் ஓட்டும் அண்ணன்தான் முதலில் பழகிக்கொண்டார், அவர் சொல்லி மற்றவர்கள் பழகினார்கள்.

கணபதி அண்ணாவிடம் ஒரு கேள்வி. வாடிக்கையாளரே ராடு கொடுத்து, நாம் கூலிக்கு மட்டும் செய்து தரும் ஆர்டரை எப்படி வைத்திருக்கிறீர்கள்?

கணபதி ஷாஃப்ட் யூனிட்:

தம்பி, அது எங்களுக்கும் உண்டு. அந்த ராடுக்குத் தனி ஐட்டம் திறக்கிறோம். வாடிக்கையாளர் கொடுத்த பொருள் என்று டிக் போடும் கட்டம் ஐட்டத்திலேயே இருக்கிறது. விலை பூஜ்யமாக உள்ளே வரும், அவர் பெயரில் தனிக் கிடங்கில் நிற்கும். நம் ராடோடு கலக்காது, நம் ஸ்டாக் மதிப்பிலும் சேராது. துண்டும் சீவலும் யாருக்கு என்று ஆர்டர் வாங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். எங்களிடம் சிலர் கேட்டு வாங்குவார்கள், சிலர் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்வார்கள். கேட்பவர்களுக்கு டெலிவரி டிசியிலேயே எடை போட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

நேரில் பார்க்க விரும்புபவர்கள் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கணபதி பக்கம் வரலாம், முன்கூட்டி ஒரு மெசேஜ் போடுங்கள். வரும்போது உங்கள் பட்டறையில் இருப்பதிலேயே சிக்கலான ஒரு பாகத்தின் டிராயிங்கும், அது வெளியே போய் வந்த டிசிகளும் கொண்டுவாருங்கள். சோதனைக்கென்று ஒரு காலி கம்பெனி திறந்து வைத்திருக்கிறேன், அதிலேயே உங்கள் பாகத்தை ராடிலிருந்து பில் வரை ஓட்டிப் பார்த்துவிடலாம்.