மேலத்தெரு சொந்தங்கள்: காசியிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டர்

சித்தப்பா · காலை 7:05
கார்த்தி, 14ஆம் தேதி சித்தியோடு காசிக்குக் கிளம்புகிறேன். திரும்பி வர 23 ஆகிவிடும். நடுவில் 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி மாதக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். நான் பார்க்கிற கடைகளின் கணக்கு எல்லாம் ஆபீஸ் கம்ப்யூட்டரில், டேலி புரோகிராமில்தான் இருக்கிறது. லேப்டாப்பை எடுத்துப்போனால் அங்கிருந்து திறக்க வழி உண்டா?

மல்லிகா அத்தை · காலை 7:11
தென்காசிக்காரன் காசிக்குப் போகிறான், அங்கேயும் கணக்கா? நல்ல யாத்திரை தம்பி 😄

சித்தப்பா · காலை 7:13
தேதி தவறினால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. கடைக்காரர்கள் என்னைத்தான் பிடிப்பார்கள் அக்கா.
கார்த்தி, சர்வீஸ் பார்க்கிற பையன் ரவுட்டரில் 3389 என்று ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும் என்கிறான். செய்யச் சொல்லட்டுமா?

கார்த்தி · காலை 7:40
வேண்டவே வேண்டாம் சித்தப்பா. வெளியூரிலிருந்து கம்ப்யூட்டரைத் திறந்து இயக்க உதவும் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான போர்ட், அதாவது வாசல், அது. எங்கெல்லாம் திறந்து கிடக்கிறது என்று தேடுவதற்கென்றே ராப்பகலாகப் புரோகிராம்கள் ஓடுகின்றன. கண்டுபிடித்தால் பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்ப்பார்கள். உள்ளே வந்துவிட்டால் டேலி ஃபைல்களைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்பார்கள்.
2019இல் ப்ளூகீப் என்று ஒரு ஓட்டை வெளிவந்தது. அதில் நுழைய பாஸ்வேர்டே தேவையில்லை. என்றோ கைகழுவிய பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா · காலை 7:44
போர்ட் எண்ணை மாற்றி வைத்துவிடலாம் என்றும் சொன்னானே.

கார்த்தி · காலை 7:46
கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். நிறைய ஃபைபர் இணைப்புகளில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபிதான், அதாவது இணைய முகவரிதான், கொடுக்கிறார்கள். உங்களுடையதும் அப்படியென்றால், போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வந்து சேராது.

செந்தில் மாமா · காலை 8:02
எதற்கு இவ்வளவு? எனிடெஸ்க் என்ற ரிமோட் செயலியைப் போடச் சொல்லு மாப்பிள்ளை. எங்கள் ஆபீஸில் அதுதான்.

மல்லிகா அத்தை · காலை 8:03
ஐயோ அதுவா? பேங்கிலிருந்து பேசுகிறோம், இதை இறக்குங்கள் என்று சொல்லிப் பணத்தை எடுப்பார்களே, அதுதானே இது?

கார்த்தி · காலை 8:10
அதேதான் அத்தை. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கியே அந்தப் பெயரைச் சொல்லி எச்சரித்தது. ஆனால் குற்றம் செயலியில் இல்லை, முன்பின் தெரியாதவனுக்கு அதிலுள்ள எண்ணைச் சொல்வதில்தான் இருக்கிறது. சொந்தக் கம்ப்யூட்டருக்கு நாமே போட்டுக்கொள்ளலாம்.
எனக்கு வேறு காரணம் மாமா. அந்த மாதிரி செயலிகளில் வழக்கமாக, சித்தப்பா காசியில் என்ன செய்தாலும் ஆபீஸ் மானிட்டரில் அப்படியே ஓடும். கடைக்காரர்களின் கணக்கு, டீ கொண்டுவருகிறவர் கண்ணில்கூடப் படும். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் அங்கே பூட்டிய திரைதான் தெரியும்.

சித்தப்பா · காலை 8:15
போர்ட்டும் வேண்டாம், எனிடெஸ்க்கும் வேண்டாம். பின்னே என்னதான் செய்வது?

கார்த்தி · காலை 8:31
விபிஎன். உங்கள் லேப்டாப்புக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் மட்டும் தனிப்பாதை. ரவுட்டரில் எதையும் தொட வேண்டாம். டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் செயலியை இரண்டிலும் இறக்கி, ஒரே கணக்கில் நுழையுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். ரிமோட் டெஸ்க்டாப்பில் அதைப் போட்டால் திறக்கும். பொது ஐபி இல்லாத இணைப்பிலும் வேலை செய்யும்.
அந்தக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். சாவி அங்கேதான் இருக்கிறது.
ஆபீஸில் இருப்பது விண்டோஸ் ஹோமா, புரோவா? ஹோம் என்றால் ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே விடாது.

சித்தப்பா · காலை 9:50
ஆபீஸ் வந்து பார்த்தேன். புரோ.
இன்னொன்று கேட்க மறந்தேன். ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கும் நான்தான் பார்க்கிறேன். அதற்கு டிஎஸ்சி டோக்கனில், அந்த டிஜிட்டல் கையெழுத்து யுஎஸ்பியில், கையெழுத்துப் போட வேண்டும். டோக்கனை ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே செருகிவிட்டுப் போகலாம்தானே? முதலாளி வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தருவார்.

கார்த்தி · காலை 10:20
இதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தால், அங்கே செருகியிருக்கும் டோக்கன் கண்ணுக்கே தெரியாது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் லேப்டாப்பில் செருகியதைத்தான் அது தேடும்.
தெரிந்தாலும் ஆளில்லாத ஆபீஸில் பத்து நாள் அதைச் செருகி வைப்பது சரியில்லை. அது முதலாளியின் கையெழுத்து சித்தப்பா. அதைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ள வேண்டியது அவர்தான், தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலேயே இருக்கிறது.
ஒன்று யோசியுங்கள். ஜிஎஸ்டி தளத்துக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரே தேவையில்லையே. டேலியை மட்டும் அங்கே பாருங்கள். மற்ற கடைகளுக்கு ஓடிபி போதும், லேப்டாப்பிலிருந்தே தாக்கல் செய்யலாம். கம்பெனிக்கு நீங்கள் எண்களைத் தயார் செய்து வையுங்கள், முதலாளி தன் இடத்திலிருந்து கையெழுத்துப் போடட்டும். இல்லையென்றால் 13ஆம் தேதிக்குள் அதை மட்டும் முடித்துவிடுங்கள்.

சித்தப்பா · காலை 10:24
முன்னாடியே முடிப்பதுதான் நல்லது. முதலாளியிடம் பேசுகிறேன்.

செந்தில் மாமா · காலை 10:30
கரண்ட் போனால்? நீ காசியில் இருக்கும்போது மின்வாரியம் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை நிறுத்துவானே.

கார்த்தி · காலை 10:41
மாமா கேட்டதுதான் கேள்வி 👏
சித்தப்பா, யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. பயோஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் செட்டிங்கில், கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும்படி ஓர் அமைப்பு இருக்கும், அதைப் போடுங்கள். ஸ்லீப்புக்குப் போகாதபடியும் மாற்றுங்கள். டெய்ல்ஸ்கேலில் ‘ரன் அன்அட்டெண்டட்’ என்பதை டிக் செய்யாவிட்டால், யாராவது பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழையும்வரை இணைப்பு வராது. அங்கே யார் இருக்கப் போகிறார்கள்?
அப்புறம் சோதனை. ஆபீஸ் வைஃபையிலேயே லேப்டாப்பை வைத்துப் பார்த்துவிட்டு வேலை செய்கிறது என்று கிளம்பிவிடாதீர்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பாருங்கள். ரயிலில் முயற்சியே வேண்டாம், சிக்னல் வந்து வந்து போகும். லாட்ஜ் வைஃபையைவிட உங்கள் போன் டேட்டாவே மேல்.

மல்லிகா அத்தை · காலை 10:45
எனக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பி, ஒரு சொம்பு கங்கை ஜலம் மட்டும் மறக்காதே.

சித்தப்பா · இரவு 8:55
வீட்டிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தேன். டேலி திறந்தது, கொஞ்சம் மெதுவாக. சாயங்காலம் ஆபீஸில் கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன், தானாக ஆன் ஆனது. ஆனால் ரவுட்டருக்கு யுபிஎஸ் இல்லை.

கார்த்தி · இரவு 9:02
கம்ப்யூட்டரின் யுபிஎஸ்ஸிலேயே ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் மாட்டிவிடுங்கள், அதிகம் இழுக்காது.

சித்தப்பா · இரவு 9:04
சரி, நாளைக்கு எக்ஸ்டென்ஷன் வயர் வாங்குகிறேன்.