சனிக்கிழமை இரவு கூப்பிடுகிறார்கள், என்ன செய்வது? (சிங்கப்பூர் வந்து 5 மாதம்)

புதுசு துவாஸ்:
எல்லோருக்கும் வணக்கம். இங்கே அனுபவப்பட்டவர்கள் நிறைய பேர் இருப்பதால் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். நான் வந்து 5 மாதம் ஆகிறது. ஊரில் இருந்தவரை எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது, கோயில் குளம் என்று இருந்தவன். ரூமில் இருப்பவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் சனிக்கிழமை ஆனால் ஓர் இடத்துக்குக் கூப்பிடுகிறார்கள். போன வாரம் போய்விட்டேன். தப்பாக எதுவும் நடக்கவில்லை, ஆனால் நடக்காமல் போனதற்கு நான் காரணம் இல்லை. கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கூட வந்தவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. இன்று மறுபடி சனிக்கிழமை, 8 மணிக்குக் கிளம்புகிறார்கள். நீங்கள் எல்லாம் இங்கே எப்படி ஒழுக்கமாக இருக்கிறீர்கள்? இதை ஊரில் சொல்லலாமா கூடாதா? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஒரத்தநாடு:
தம்பி, குடியைத் தொடாதே, மற்றதெல்லாம் தானாக விலகிப் போய்விடும். நான் 2008இல் வந்தவன். அப்போது இந்த வீடியோ கால் எல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், போன் கார்டு வாங்கி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் நின்று கத்த வேண்டும். கார்டில் போட்டிருக்கிற நிமிடத்தில் பாதிகூடப் பேச முடியாது. அம்மா குரலைக் கேட்டதும் அழுகை முட்டும், அழுதால் நிமிடம் போய்விடுமே என்று அழவும் மாட்டேன். முதல் 3 மாதம் கன்டெய்னரில்தான் படுக்கை. அந்த வெக்கையில் தூக்கம் வராமல்தான் குடிக்கக் கற்றுக்கொண்டேன். ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் புல்தரையில் உட்கார்ந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரத்துக்கு அப்புறம் எல்லாம் மாறிப்போனது. 2015இல் சட்டமே வந்தது. எங்கேயும் இரவு பத்தரையிலிருந்து காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை வெளியே குடிக்கவே கூடாது. அந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் நான் விட்டேன். எப்படி விட்டால் என்ன, விட்டதுதான் கணக்கு. நீயும் விடு.

காரைக்குடி பொறியாளர்:
கல்யாணம் ஆனவரா என்று சொல்லவில்லையே. ஆனவர் என்றால் மனைவியைக் கூட்டி வந்துவிடுவதுதான் ஒரே வழி. இம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் இருந்து, மாதச் சம்பளம் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருந்தால் டிபெண்டன்ட் பாஸ் போடலாம். நான் முதல் 7 மாதம் தனியாக இருந்தேன், சாங்கியில் ஓர் அறையில். வீட்டுக்கார அம்மா சமைக்கக் கூடாது என்றுவிட்டார், இரவு பிரெட்தான். அவள் வந்த அன்றைக்கு ரசம் வைத்தாள், சாப்பிட்டுக்கொண்டே அழுதுவிட்டேன்.

பெண்டமீர்:
6,000 வெள்ளி வாங்குகிறவர் துவாஸில் ரூமுக்கு இத்தனை பேர் என்று ஏன் படுக்கப் போகிறார்? எங்களை மாதிரி தொழிலாளிக்குக் கொடுக்கும் வொர்க் பெர்மிட்டில் இருப்பவன் குடும்பத்தைக் கூட்டி வர வழியே கிடையாது. இங்கே எழுதுகிறவர்களில் பாதிப்பேருக்கு அது ஆறாத புண், அதை நினைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள் சார். தம்பி, போன இடம் கேசினோவா? சிங்கப்பூரர், பிஆர் (நிரந்தரவாசி) எல்லாம் நுழையவே 150 வெள்ளி கட்ட வேண்டும், நம்மிடம் கேட்பதில்லை, அதனால் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போகிறவர்கள் உண்டு. என் பக்கத்துக் கட்டில்காரர் அப்படித்தான் போனார், 4 மாதச் சம்பளம் போனது. சூதாட்டத் தடுப்பு மன்றத்தில் நாமே நம் பேரைக் கொடுத்து உள்ளே விடாதபடி தடை போட்டுக்கொள்ளலாம், இங்கே வேலை பார்க்கும் வெளிநாட்டவரும் போடலாம்.

கூத்தாநல்லூர் பாய்:
தம்பி, போன இடம் எதுவானாலும் ஒன்றை மட்டும் தெரிந்துகொள். நம் பெர்மிட் நிபந்தனையிலேயே, சட்டவிரோதமான, ஒழுக்கக்கேடான காரியங்களில் ஈடுபடக் கூடாது என்று எழுதியிருக்கிறது. இங்கே உள்ள குடும்பத்தைப் பிரிக்கிற மாதிரி நடந்துகொள்வதும் அதில் சேர்த்தி. ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் அடையுமுன் டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டால் என்ன செய்வாய்? நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சவுத் பிரிட்ஜ் ரோடு ஜாமியா சூலியா பள்ளிவாசலில் தமிழில் பயான் (மார்க்கப் பேச்சு) கேட்டுவிட்டு வருவேன். லீவு கிடைக்காத வெள்ளிக்கிழமை என்றால் அந்த வாரமே எனக்குக் கோணலாகப் போகும். பக்கத்திலேயே மாரியம்மன் கோயில், 1827இலிருந்து இருக்கிறது. எந்த வாசலுக்கு வேண்டுமானாலும் போ, ஆனால் வாரம் தவறாமல் போ.

ஈசூன் அக்கா:
பயப்படாதே தம்பி. எல்லோரும் ஆளுக்கொரு நோய்க்கு மருந்து சொல்கிறார்கள், உனக்கு என்ன என்று நீ இன்னும் சொல்லவே இல்லை. கல்யாணம் ஆகிவிட்டதா? எந்த மாதிரி இடம்? ஊரில் சொல்லலாமா என்று கேட்டாயே, யாரிடம், அம்மாவிடமா, மனைவியிடமா? ரூமில் இருப்பவர்கள் உன் ஊர்க்காரர்களா?

புதுசு துவாஸ்:
மன்னிக்கவும். பெர்மிட்தான். கல்யாணம் ஆகி 14 மாதம். அவளுக்கு இப்போது 7 மாதம், அம்மா வீட்டில் இருக்கிறாள். நான் குடிக்கவில்லை அண்ணே, கேசினோவும் இல்லை. அது பாட்டும் டான்ஸும் நடக்கும் கிளப். மேடையில் ஆடுகிற பெண்ணுக்குப் பணம் கொடுத்து மாலை போட வேண்டும். ஒரு மாலை 50 வெள்ளி. எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன். எப்படிப் போட்டேன் என்றே தெரியவில்லை, 6 மாலை ஆகிவிட்டது. அந்தப் பெண் நம்பர் வாங்கிக்கொண்டார். தினமும் மெசேஜ் வருகிறது, சாப்பிட்டீங்களா, வேலை முடிந்ததா என்று. இங்கே வந்து 5 மாதத்தில் என்னிடம் சாப்பிட்டாயா என்று நேரில் யாரும் கேட்டதில்லை. நானும் பதில் போடுகிறேன். இந்த மாதம் வீட்டுக்கு 300 வெள்ளி குறைத்துத்தான் அனுப்பினேன், ஓடி (ஓவர்டைம்) கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் நேற்று சம்பளச் சீட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள்.

ஒரத்தநாடு:
சொல்லாதே. பிள்ளைத்தாச்சிப் பெண். ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? அடுத்த மாதம் ஓடி போட்டு 300ஐச் சேர்த்து அனுப்பிவிடு, முடிந்தது.

பெண்டமீர்:
சம்பளச் சீட்டில் ஓடி தனியாக அச்சாகித்தான் வரும் அண்ணே. 2016இலிருந்து விவரமான சீட்டு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் பார்த்தால் தெரிந்துவிடாதா?

நாகை பிளம்பர்:
ஓடி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் சைட்டில் 3 மாதமாக ஓடி எழுதுவதிலேயே தகராறு. இரவு 9 வரை வேலை, சீட்டில் 7 மணி. ஏஜெண்டுக்குக் கட்டியது இன்னும் வட்டியாக ஓடுகிறது. இந்த நிலையில் மாலை போட இவருக்கு எங்கிருந்து காசு வந்தது?

மன்னார்குடி வெல்டர்:
சாப்பாட்டைச் சொல்லுங்கள். விடியற்காலை நாலரைக்கு வரும் கேட்டரிங் பொட்டலத்தைப் பகல் 12க்குப் பிரிக்கிறோம், சாம்பார் புளித்துப் போயிருக்கும். ஒரு மனுசன் 6 நாள் அப்படிச் சாப்பிட்டு, லாரியில் குலுங்கி, மழையில் நனைந்து வந்தால் ஏழாம் நாள் எங்கேயாவது ஓடத்தான் தோன்றும். முதலாளிகள் ஒரு நல்ல சாப்பாடும் ஞாயிறு முழு லீவும் கொடுத்துவிட்டு அப்புறம் ஒழுக்கத்தைப் பேசட்டும்.

காரைக்குடி பொறியாளர்:
கஷ்டம் எல்லோருக்கும்தான். எத்தனையோ பேர் அதே பொட்டலத்தைச் சாப்பிட்டுவிட்டு ஒழுங்காக இருக்கிறார்களே.

மன்னார்குடி வெல்டர்:
நீங்கள் அந்தப் பொட்டலத்தை ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு வந்து சொல்லுங்கள் சார்.

ஈசூன் அக்கா:
சண்டையை நிறுத்துங்கள். அந்தப் பிள்ளை 8 மணிக்குப் பதில் கேட்டிருக்கிறான், மணி ஆறே முக்கால்.

தம்பி, நான் வீட்டு வேலைக்கு வந்து 11 வருடம். ஒழுக்கம் என்றால் ஆண்களுக்கு மட்டும் வருகிற சோதனை என்று இங்கே எழுதுகிறவர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் வந்தது. இரண்டாம் வருடம். புளோக் கீழே மளிகை இறக்குகிற ஒருவர், நம் ஜில்லாக்காரர், நல்ல மனுசர். முதலில் ஊர்க்கதை, அப்புறம் அக்கா என்பதை விட்டுவிட்டுப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். எனக்கு அது பிடித்திருந்தது, அதுதான் உண்மை. என் பேரை என் வீட்டுக்காரர் போனில்கூட அப்படிக் கூப்பிட்டு நாளாகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்கு வருகிறாயா என்று கேட்டார். அன்று ஓஃபீர் ரோடு லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்த நேரம், சரி என்று வாய் வரை வந்துவிட்டது. கூட நின்ற ஒரு அக்கா என் கையைப் பிடித்து, வா சாப்பிடப் போகலாம் என்று கூட்டிப் போனார். உன்னை ரயிலுக்கு இழுத்து வந்தாரே, அந்த மாதிரிதான். நம்மால் முடியாதபோது இன்னொரு கை இழுத்தால் அது கேவலம் இல்லை தம்பி. அந்தக் கைக்குப் பக்கத்திலேயே இருந்துகொள். உன்னை இழுத்து வந்த ஆள் யாரோ, இன்று இரவு அவரோடு இரு.

வீட்டில் சொல்வதைப் பற்றி. நான் சொல்லவில்லை. எதுவும் நடக்கவில்லையே, எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டேன். 4 வருடம் கழித்து வேறு யாரோ உண்மை பாதி, பொய் பாதி சேர்த்து அவர் காதில் போட்டார்கள். அவர் கோபப்பட்டது அந்த ஆளைப் பற்றி இல்லை. 4 வருடம் வாராவாரம் பேசினாயே, ஒரு தடவைகூட வாயில் வரவில்லையா என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் என்னிடம் பதில் கிடையாது. உன் ரூமில் ஊர்ப்பக்கத்து ஆள் இருந்தால் இந்தச் சேதி உனக்கு முன்னால் அவளிடம் போய்விடும்.

இன்னொன்று. அந்த மாலைக்கார பெண்ணைத் திட்டிவிட்டு வெளியே வர வேண்டாம். அப்படி வேலைக்கு வந்த ஒரு பெண் எங்களோடு பூசைக்கு வருவாள். மாதத்துக்கு இத்தனை மாலை விற்க வேண்டும் என்று கணக்காம், குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களாம். வந்தவர்களுக்கெல்லாம் சாப்பிட்டீங்களா என்று அனுப்புவாள், அவளிடம் கேட்கத்தான் ஆள் கிடையாது. ஊரில் அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது. அதனால் மரியாதையாக, இனி மெசேஜ் வேண்டாம் என்று ஒரு வரி அனுப்பிவிட்டு நம்பரைத் தடுத்துவிடு.

புதுசு துவாஸ்:
ஒருத்தர் பக்கத்து ஊர்தான் அக்கா. அவர் மனைவியும் இவளும் பேசிக்கொள்வார்கள். இதை நான் யோசிக்கவே இல்லை.

ஒரத்தநாடு:
அப்படியென்றால் நான் சொன்னதை விட்டுவிடு தம்பி. சொல்லிவிடு. ஆனால் எழுதி அனுப்பாதே, குரலில் சொல். எழுதினால் அவள் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பாள்.

பெண்டமீர்:
சரி, இன்று இரவுக்கு வருவோம். அவர்கள் 8 மணிக்குக் கிளம்பும்போது நீ ரூமில் இருக்காதே. எதிரில் நின்று மாட்டேன் என்று சொல்வது கஷ்டம், கேலி பண்ணுவார்கள், இழுப்பார்கள். ஏழரைக்கே துணியை எடுத்துக்கொண்டு துவைக்கிற இடத்துக்குப் போய்விடு. பத்தரைக்கு ஊரில் 8 மணி, அவள் சாப்பிட்டிருப்பாள், அப்போது கூப்பிடு. முதலில் சம்பளச் சீட்டு போட்டோவை அனுப்பு, அப்புறம் பேசு. மாமியார் பக்கத்தில் இல்லாமல் தனியாக இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டு ஆரம்பி. சுற்றி வளைக்காதே, 300 எங்கே போனது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடு, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, புருசன் மறைக்கிறான் என்று தெரிந்தபடி தூங்காமல் கிடப்பதுதான் உடம்புக்குக் கெடுதல். அடுத்த மாதத்திலிருந்து சம்பளம் ஏறிய அன்றே ஊருக்குப் போட்டுவிடு, கையில் 150 வெள்ளிக்கு மேல் வைக்காதே. கார்டை நம்பிக்கையான ஆளிடம் கொடு என்று சிலர் சொல்வார்கள், அதை மட்டும் செய்யாதே, அப்படிக் கொடுத்து மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாளை ஞாயிறு லீவுதானே? நான் பெருமாள் கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கப் போவேன், வா. இரண்டு வருடமாகத் தைப்பூசத்துக்கு அங்கிருந்துதான் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறேன். அதற்கு முன் 48 நாள் விரதம் இருப்பேன். அந்த 48 நாளும் ரூமில் யாரும் என்னை எங்கேயும் கூப்பிட மாட்டார்கள். விரத மாலை போட்டிருக்கிறவனை வற்புறுத்த நம் ஆட்களுக்குக் கூச்சம். உனக்கு விருப்பம் இருந்தால் இந்த வருடம் சேர்ந்து எடுக்கலாம்.

கூத்தாநல்லூர் பாய்:
மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தால் ஹெல்த்சர்வ் அமைப்பில் தொழிலாளர்களுக்கு ஆலோசனை சொல்கிறார்கள், தயங்காமல் பேசு. தூக்கம் இல்லாமல் சாரத்தில் ஏறாதே.

புதுசு துவாஸ்:
மணி 11.20. துவைக்கிற இடத்தில்தான் இருந்தேன். அந்த ரயில் அண்ணனும் போகவில்லை, என்னோடு இருந்தார். அந்த நம்பருக்கு அக்கா சொன்ன மாதிரி ஒரு வரி அனுப்பிவிட்டுத் தடுத்துவிட்டேன். பத்தரைக்குப் பேசினேன். சொன்னதும் அவள் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாள். கால் மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள். அழுதாள். எத்தனை மாலை என்று கேட்டாள். 6 என்றேன். நாளை மத்தியானம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்தாள். பெண்டமீர் அண்ணே, நாளை எத்தனை மணிக்கு, எங்கே வர வேண்டும்?

பெண்டமீர்:
9 மணிக்கு. அவுட்ரம் பார்க்கில் ரயில் மாறி ஃபேரர் பார்க்கில் இறங்கு, அங்கிருந்து சிராங்கூன் ரோட்டில் நடக்கிற தூரம்தான், கோபுர வாசலில் நிற்பேன். அவர் வந்தால் அவரையும் கூட்டி வா. கத்தி, பலகை எல்லாம் அங்கேயே இருக்கிறது. போனில் சார்ஜ் போட்டுக்கொண்டு வா, மத்தியானம் அவள் கூப்பிடுவாள்.